பழைய விமான பேனலில் இருப்பது என்ன எழுத்து? கண்டுபிடித்த கதைகளைப் பகிருங்கள்

பேனல் பித்தன்:
பழைய விமானக் கருவிகளைச் சேர்ப்பவர்களுக்கும், வீட்டில் சிமுலேட்டர் (விமானம் ஓட்டுவது போன்ற மாதிரி அமைப்பு) கட்டுபவர்களுக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது சுவிட்சுகளைச் சுற்றிப் பொருத்தும் ஒரு கறுப்புப் பலகை. படம் எடுத்து, எழுத்துருவை அடையாளம் காட்டும் தளங்களில் போட்டேன். ஒன்று ஃபியூச்சரா என்ற எழுத்துருவைச் சொன்னது, இன்னொன்று ஜெர்மன் தொழில் தர எழுத்துருவான டின் (DIN) என்றது. இரண்டும் ஒட்டவில்லை. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு கோடும் அரைவட்டமாக முடிகிறது. தடிமன் எங்கேயும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் கோட்டுக்குள் நிழல் விழுகிறது. ஆக, இது அச்சடித்ததே இல்லை. சுழலும் கட்டர் ஒன்று தோண்டிய பள்ளம்.

இதற்குப் பயன்பட்டது பாண்டோகிராஃப் இயந்திரம். பித்தளை எழுத்துத் தகடுகளை ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, அவற்றின் பள்ளத்தில் ஊசியை ஓட்டினால், மறுமுனையில் கட்டர் அதே வடிவத்தைச் சிறிதாக்கிச் செதுக்கும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் என்ற லென்ஸ் நிறுவனம், லென்ஸ் வளையங்களில் எழுத்துப் பொறிக்க இப்படி ஓர் இயந்திரத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்துவிட்டது. பிறகு அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரின் கோர்ட்டன் நிறுவனம் இதே வேலையில் பேர் வாங்கியது. அந்த எழுத்துக்கே இன்று கோர்ட்டன் என்றுதான் பெயர். கட்டரை மாற்றினால் தடிமன் மாறிவிடும், அதனால் ஒரே தகட்டிலிருந்து மெல்லிய எழுத்தும் வரும், தடித்த எழுத்தும் வரும். என் பலகையிலேயே தலைப்புகள் தடியாகவும், சுவிட்ச் பெயர்கள் மெலிந்தும் இருக்கின்றன. வடிவம் ஒன்றேதான். எழுத்து இடைவெளியும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், கையால் அடுக்கியது ஆயிற்றே.

உங்களிடம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

டயல் நேசன்:
அருமை நண்பரே. ஆனால் பலகை வேறு, டயல் வேறு. என் சேகரிப்பில் பெரும்பாலும் அமெரிக்க வேகமானிகளும் உயரமானிகளும். டயலில் இருப்பது அச்சு எழுத்து. ஓரங்கள் கூர்மையாக இருக்கும். இதற்கு வடிவமைப்பாளர் பெயரைத் தேடி நானும் அலைந்தேன், பெயரே கிடையாது. ஏ.என்.டி. 10400 என்று ஒரு ராணுவத் தர வரைபடம், அதன் பின் எம்.எஸ். 33558. விமானக் கருவி டயலில் எண்ணும் எழுத்தும் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று அதிலேயே வரைந்து கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துச் செய்த கணினி எழுத்துருக்கள் இப்போது கிடைக்கின்றன. ஒப்பிடும்போது முழுச் சொல்லையும் பார்க்காதீர்கள். 3, 4, 6, 9 மட்டும் பாருங்கள். வட்டமான 0 எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் தெரியும், அதை நம்பி ஒரு பயனும் இல்லை.

வடக்குக் காற்று:
ஜெர்மன் கருவிகள் பக்கம் யாரும் போகவில்லையா? 1930, 40-களின் டயல்களைப் பார்த்ததும் எல்லாரும் 'டின் 1451' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தரம் 1936-இல் வந்தது. சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் கருவி செய்த கம்பெனிகளின் வரைவாளர்கள் கையால் வரைந்தவையும் நிறைய. எனக்கு எழுத்தைவிட நிறம்தான் முதலில் கைகொடுத்தது: மஞ்சள் என்றால் எரிபொருள், பழுப்பு என்றால் எண்ணெய். எந்த நாடு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சோவியத் கருவி என்றால் இன்னும் எளிது. அளவுக் கருவிகளின் எழுத்துக்கென்றே கோஸ்ட் 2930-62 என்ற தரம் உண்டு. கடைசி 62 என்பது ஆண்டு.

பழுதுக்காரன்:
எல்லாரும் லென்ஸோடு கிளம்புவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து டயல்களில் எண்கள் புடைத்து, பழுப்பேறி இருந்தால் அது ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த ஒளிர்பூச்சாக இருக்கலாம். கண்ணாடியைத் திறக்கவே திறக்காதீர்கள். இருட்டில் ஒளிரவில்லை, அதனால் செத்துப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். செத்தது அதில் ஒளியைத் தந்த துத்தநாக சல்ஃபைடு மட்டும்தான், ரேடியம் அப்படியே இருக்கிறது. ரேடியம் 226-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. கண்ணாடிக்கு வெளியிலிருந்து படம் எடுத்தாலே எழுத்தை ஒப்பிடலாம்.

இன்னொன்று. நான் பார்த்த கருவிகளில் பல, ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது) செய்யும்போது டயலை மறுபடி அச்சடித்தவை. உடம்பு ஒரு காலம், முகம் வேறு காலம். பின்பக்கத்தில் ஓவர்ஹால் முத்திரையோ தேதியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பேனல் பித்தன்:
@பழுதுக்காரன், நல்ல நேரத்தில் சொன்னீர்கள் சார்.

ஃபியூச்சரா பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: பால் ரென்னர் வடிவமைத்து 1927-இல் வந்த எழுத்துரு அது. 1969-இல் நிலவில் வைத்துவிட்டு வந்த அப்பல்லோ 11 பலகையில் இருப்பதும் அதுதான். அந்தப் புகழில் விமானம், விண்கலம் எதைப் பார்த்தாலும் ஃபியூச்சரா என்கிறார்கள். ஆங்கில ஏ எழுத்தின் உச்சியைப் பாருங்கள். ஃபியூச்சராவில் ஊசிமுனை போலக் கூர்மை. பாண்டோகிராஃபின் வட்டக் கட்டர் நடுக்கோட்டில் ஓடும்போது வெளிமுனை மழுங்கித்தான் வரும். அந்தக் கூர்மைக்கு வழியே இல்லை.

சிமுலேட்டர் பையன்:
அண்ணே, அப்போ கோர்ட்டன் மாதிரி பலகை செய்ய நான் எந்த ஃபான்ட் வாங்கணும்?

பேனல் பித்தன்:
வெளிக்கோடு உள்ள சாதாரண ஃபான்ட் வேண்டாம் தம்பி. அதைக் கொடுத்தால் இயந்திரம் எழுத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். ஒற்றைக் கோட்டு எழுத்துரு என்று தேடு, அல்லது கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளில் நடுக்கோட்டை மட்டும் நீயே வரைந்துகொள். வெள்ளை அக்ரிலிக்கில் கறுப்புப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் உருண்டை முனைக் கட்டரால் பெயின்ட்டைத் தாண்டி லேசாக உள்ளே இறங்கும் அளவுக்குச் செதுக்கு. வெள்ளை தெரியும், பின்னால் விளக்கு வைத்தால் எழுத்து மட்டும் ஒளிரும். வேண்டாத துண்டில் முதலில் ஒரு 8 செதுக்கிப் பார். நடுவில் இரண்டு வளையமும் அடைபட்டால் கட்டர் பெரிது என்று அர்த்தம்.