நீர்மேல் நிற்கும் கட்டடங்களின் அத்திவாரம் எப்படித் தாங்குகிறது?

வெள்ளவத்தை வாசகி:
நேற்று மாலை கொழும்பின் பேரை வாவி நீர்மேல் நிற்கும் பௌத்த ஆலயமான சீமா மாலகத்தில், மரச்சட்டங்களூடாகத் தரையில் கோடுகோடாக விழுந்த வெயிலைப் பார்த்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தேன். இங்கிருந்த பழைய மண்டபம் மெல்ல மெல்ல நீரில் அமிழ்ந்ததால், 1976இல் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவிடம் புதியதை வடிவமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டதாம். அப்படியாயின் வெனிஸ் நகரம் நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பது எவ்வாறு?

கொட்டாஞ்சேனைப் பொறியியலாளர்:
நல்ல கேள்வி, சகோதரி. வெனிஸில் மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து, மென்சேற்றை இறுக்கி, அவற்றின்மீது பலகைகளையும் நீரை எளிதில் உறிஞ்சாத இஸ்திரியக் கல்லையும் அடுக்கினார்கள். மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணத்துக்கு ஒட்சிசன் வேண்டும்; சேற்றுக்குள் அது இல்லாததால், 1591இல் முடிந்த ரியால்டோ பாலத்தை அக்கம்பங்கள் இன்றும் சுமக்கின்றன. மரம் ஈரமும் காற்றும் மாறிமாறிப் படுமிடத்தில்தான் விரைவில் கெடும். நம் மீனவர்களின் பழைய இறங்குதுறைக் கம்பங்களை நீர்மட்டத்தருகே தொட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

தெஹிவளை ஆசிரியர்:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஜப்பானின் இட்சுகுஷிமா ஆலயத்துக்கு முன்னால் கடலில் நிற்கும், ஏறத்தாழ 16 மீற்றர் உயரமான தோரணவாயிலின் தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை. 1875இல் எழுந்த அது, மேல் உத்தரத்துக்குள் நிரப்பிய கற்களின் பாரத்தோடு தன் எடையாலேயே நிற்கிறது. எனக்கு வெனிஸைவிட வியப்பளிப்பது இதுவே.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்ததாக, தியவன்னா நீரின் நடுவே 1982இல் திறக்கப்பட்ட பாவாவின் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பற்றியும் அறிய விரும்புகிறேன்.