தாய்லாந்துப் பெண் வீட்டில் 'அஞ்சு பாட் தங்கம்' கேட்கிறார்கள், அது எவ்வளவு?

கல்லிடைக்காரி:
என் தம்பிக்குப் பாங்காக்கில் வேலை. கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டப்போகிறான். அவள் ஊர் வடகிழக்குத் தாய்லாந்தில், இசான் பக்கம், கோன் கேன். பெண் வீட்டில் 2 லட்சம் பாட் ரொக்கமும் 5 பாட் தங்கமும் கேட்கிறார்களாம். அப்பா போனை வாங்கி, "அஞ்சு பாட்னா நம்ம காசுக்குப் பதிமூணு பதினாலு ரூவா. அதுக்கு என்ன தங்கம்ல வரும்?" என்று சிரித்தார். ரொக்கக் கணக்கைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "மாப்பிள்ளை வீட்டுக்காரன் கொடுக்கவா? ஊர்ல தலைகாட்ட முடியுமா?" எனக்கு 40 பவுன் போட வயலை ஒத்தி வைத்த மனுஷன் இவர். இது அங்கே வழக்கம்தானா, இல்லை தம்பி தலையில் மிளகாய் அரைக்கிறார்களா?

பாளை அண்ணாச்சி:
வழக்கம்தான் அக்கா. சின்சோட் என்பார்கள், நம்ம பரிசம் மாதிரி. பாட் என்பது காசுக்கும் பெயர், தங்க எடைக்கும் பெயர். நகையில் ஒரு பாட் 15.16 கிராம். ஆக அஞ்சு பாட், ஒன்பதரைப் பவுன் பக்கம் வரும். அது பெண்ணுக்கு; ரொக்கம் பெற்றவர்களுக்கு. 'தாய்ப்பால் கூலி' என்றே சொல்வார்கள். ஒரு நிச்சயத்துக்குப் போயிருந்தேன். துணி விரித்து நோட்டுக்கட்டையும் நகையையும் பரப்பி எண்ணினார்கள். பெருகட்டும் என்று மேலே அரிசி, எள், பூ தூவினார்கள். பெண்ணின் அம்மா அப்படியே மூட்டையாகக் கட்டித் தோளில் ஏற்றி, கனம் தாங்காத மாதிரி தள்ளாடினார். ஒரே சிரிப்பு. பாதியோ முழுசோ தம்பதிக்கே திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

தென்காசி மருமகள்:
பணத்தை விடுங்க. பெண் கடைக்குட்டியா? இசானில் பெரும்பாலும் வீடும் அவளுக்கு, பெற்றவர்களைப் பார்ப்பதும் அவள்தான். மருமகன் அங்கேயே போய் இருப்பதும் சகஜம். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புவது கல்யாணத்தோடு நிற்காது. தம்பியிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

கல்லிடைக்காரி:
கடைக்குட்டியேதான்! பயல் கமுக்கமாக இருந்திருக்கிறான். ராத்திரி எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், பேச்சே இல்லை. அடுக்களையிலிருந்து அம்மாதான், "ஒம்பதரைப் பவுன்தானே? இவளுக்குப் போட்டதுல கால்வாசி கூட வரலையே" என்றாள். அப்பா இப்போது பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.