பாஸ்ட் பெர்ஃபெக்ட் வாக்கியத்தில் ‘ஆல்ரெடி’, ‘இட்’ ஆகியவற்றை எங்கே வைப்பது?

கேள்வி
வணக்கம். கடந்தகாலத்தில் நடந்த ஒன்றுக்கும் முன்பே முடிந்துவிட்ட செயலைச் சொல்ல, ‘ஹேட்’ என்ற சொல்லுடன் வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்க்க வேண்டும் என்பது வரை எனக்குப் புரிகிறது. ஆனால் என் கடிதத்தைத் திருத்தித் தந்தவர் மூன்று இடங்களில் சொற்களை மாற்றியிருக்கிறார், காரணம் எழுதவில்லை. ‘ஐ ஆல்ரெடி ஹேட் சென்ட் த லெட்டர்’ என்பதை ‘ஐ ஹேட் ஆல்ரெடி சென்ட்’ என்றும், ‘ஹி ஹேட் ஸ்விட்ச்ட் ஆஃப் இட்’ என்பதை ‘ஸ்விட்ச்ட் இட் ஆஃப்’ என்றும், ‘டூ இயர்ஸ் அகோ’ என்பதை ‘டூ இயர்ஸ் பிஃபோர்’ என்றும் மாற்றியுள்ளார். இவற்றுக்கு விதி உண்டா?

பதில் 1
முதல் திருத்தத்தின் காரணம் நம் மொழிப் பழக்கத்தில் இருக்கிறது. ‘அனுப்பியிருந்தேன்’ என்று எழுதும்போது துணைவினை முதன்மை வினையோடு ஒட்டிக்கொள்வதால், ‘ஏற்கெனவே’ என்பதை அதற்கு முன்னால்தான் வைக்க முடிகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேட்’ தனித்து நிற்பதால் நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கிறது. ஆல்ரெடி, ஜஸ்ட், நெவர், ஆல்வேஸ் போன்ற வினையுரிச்சொற்கள் இயல்பாக அங்கேதான் அமரும். துணைவினைகள் இரண்டு வந்தால் முதலாவதை அடுத்து வைக்க வேண்டும்: ‘த லெட்டர் ஹேட் ஆல்ரெடி பீன் சென்ட்’. நீங்கள் எழுதியதை முழுப்பிழை என்று சொல்ல மாட்டேன், அழுத்தம் தருவதற்காக அப்படிச் சொல்வோரும் உண்டு. ஆனால் கடிதத்தில் அது உறுத்தும்.

பதில் 2
மேலே உள்ள விளக்கம் சரி, ஆனால் எல்லா வினையுரிச்சொற்களையும் அந்த இடைவெளியில் திணித்துவிட வேண்டாம். ‘யெஸ்டர்டே’ அங்கே வராது. ‘யெட்’ பெரும்பாலும் இறுதியில் வரும். ‘ஹேட் நாட்’ என்பதை அடுத்தும் வரலாம். ‘அகோ’ இந்த நொடியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. உங்கள் வாக்கியமோ கடந்தகாலத்தின் ஒரு புள்ளியிலிருந்து எண்ணுவதால் அங்கே ‘பிஃபோர்’ அல்லது ‘எர்லியர்’ பொருந்தும்.
‘ஸ்விட்ச் ஆஃப்’ போன்ற கூட்டுவினையில் பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடங்களிலும் நிற்கலாம். இட், ஹிம், தெம் போன்ற பிரதிப்பெயர்ச்சொல் என்றால் நடுவில் மட்டுமே நிற்கும். இது ‘ஹேட்’ வருவதால் ஏற்பட்ட விதி அன்று, எந்தக் காலத்திலும் இப்படித்தான்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. ‘த மேனேஜர் டோல்ட் த கிளார்க் தட் ஹி ஹேட் லாஸ்ட் த கீ’ என்ற வாக்கியத்தில் சாவியைத் தொலைத்தவர் யார் என்பது தெளிவாக இல்லையே, ‘ஹேட்’ என்பதை இடம் மாற்றினால் சரியாகுமா? மேலும், ‘நெவர் ஐ ஹேட் சீன் இட்’ என்று எழுதலாமா?

பதில் 2
முதலாவது, ‘ஹேட்’ தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று. தமிழில் ‘தான் தொலைத்துவிட்டதாக’ என்று எழுதினால் சொன்னவரே தொலைத்தார் என்பது விளங்கிவிடும். ஆங்கிலத்தின் ‘ஹி’ இருவரையும் குறிக்கும். ஐ, ஹி, தே எது வந்தாலும் ‘ஹேட்’ மாறுவதில்லை என்பதால் வினையும் கைகொடுக்காது. ஆகவே ‘ஹி’ இருக்கும் இடத்தில் ‘த கிளார்க்’ என்றே மீண்டும் எழுதுங்கள், அல்லது மேலாளர் பேசியதை நேர்கூற்றாகத் தாருங்கள். ஒரே சொல் இருமுறை வருகிறதே என்று தயங்க வேண்டாம்.
‘நெவர்’ வாக்கியத்தின் தொடக்கத்துக்கு வந்தால், கேள்வி வாக்கியத்தில் நடப்பதுபோல ‘ஹேட்’ பிரதிப்பெயரைத் தாண்டி முன்னே வர வேண்டும்: ‘நெவர் ஹேட் ஐ சீன் இட்’. சாதாரணக் கடிதத்துக்கு ‘ஐ ஹேட் நெவர் சீன் இட்’ போதும்.

கேள்வி கேட்டவர்
‘வென் ஹி கால்ட், ஐ ஹேட் ஆல்ரெடி ஸ்விட்ச்ட் இட் ஆஃப்.’ இது சரிதானா?

பதில் 1
சரி. ‘இட்’ எதைக் குறிக்கிறது என்பது மட்டும் முந்தைய வாக்கியத்தில் இருக்கட்டும்.