2-ம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ்: இணையத்தில் இலவசமாக எதை எடுக்கலாம்?

பாளை_மேடை:
மகள் 2-ம் வகுப்பு, சிபிஎஸ்இ. தமிழ் நல்லா பேசுதா. வாசிக்கச் சொன்னா எழுத்துக் கூட்டித்தான் வருது. எழுதினா "அண்ணன் பளம் வாங்குதான்"னு எழுதுதா. தினமும் அரை மணி நேரம் ஒதுக்கலாம். ஒரு போன்தான் இருக்கு, பிரிண்டர் இல்ல. காசு கட்டாம எதை எடுக்கலாம், எந்த வரிசையில?

பொருநைக்கரை:
முதல்ல தமிழ்நாடு அரசுப் பாடநூல். 1-ம் வகுப்புத் தமிழ் பிடிஎஃப் பாடநூல் தளத்துலயே இலவசமா கிடைக்கு. 2-ம் வகுப்புப் பிள்ளைக்கு இது எதுக்குன்னு நினைக்காதீங்க, எழுத்துக் கூட்டுற பிள்ளைக்கு அதுதான் அளவு. உள்ள க்யூஆர் கட்டம் வரும். புத்தகமும் அதே போன்ல இருந்தா ஸ்கேன் பண்ண முடியாதுல்ல. கட்டத்துக்குக் கீழ உள்ள ஆறு எழுத்துக் குறியீட்டை திக்ஷா செயலியில அடிங்க, பாடம் திறக்கும்.

247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்காதீங்க. வரிசையாச் சொல்லுற பிள்ளை, நடுவுல ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினா முழிக்கும். ட, ப, ம மூணையும் புள்ளியோட சொல்லிக் குடுங்க: படம், மடம், பட்டம், மட்டம். க சேர்த்தா பக்கம், கம்பம். ர சேர்த்தா மரம், கரம். ஒவ்வொரு எழுத்துக்கும் அன்னைக்கே வாசிக்க ஒரு வார்த்தை கிடைக்கணும், அதுதான் கணக்கு.

அப்புறம் துணைக்கால் (ா), அடுத்து ி, ீ. ெ, ே, ை மூணையும் கடைசிக்குத் தள்ளுங்க. கண்ணுக்கு முன்னால நிக்கும், காதுக்குப் பின்னால கேக்கும். பிள்ளை தடுமாறுறது அங்கதான். ொ, ோ ரெண்டு பக்கமும் நிக்கும், அது இன்னும் பாடு.

வாசிப்புத்_திண்ணை:
அண்ணாச்சி சொன்ன வரிசை சரி. ஆனா பாடநூல் மட்டும்னா பிள்ளைக்குச் சலிச்சுரும். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல தொடங்கின ஸ்டோரிவீவர் கதைத் தளத்தைப் பாருங்க. மொழியில தமிழைத் தேர்ந்து நிலை 1 வைங்க. நாலு நிலை உண்டு. பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரி, மீதி படம். எல்லாம் திறந்த உரிமம், அச்செடுத்து நாலு பிள்ளைகளுக்குக் குடுத்தாலும் தப்பில்ல. வெளிய பிரிண்ட் போட்டா ஒரு தாள்ல ரெண்டு பக்கம்னு கேளுங்க.

ஒரு சங்கதி: யார் வேணும்னாலும் மொழிபெயர்த்து ஏத்தலாம். அதனால சில கதையில தமிழ் நொண்டும். முதல்ல நீங்க சத்தமா ஒரு தடவை வாசிங்க. உங்க நாக்கு தடுக்கின கதை பிள்ளைக்கு வேண்டாம். ஒரே கதையை மூணு நாள் ஓட்டலாம்: முதல் நாள் நீங்க வாசிங்க, மறுநாள் சேர்ந்து, மூணாம் நாள் அவ மட்டும். தினம் ஒரு புதுக் கதைன்னு போனா படத்தைப் பார்த்துட்டுத் தள்ளிருவா.

றன்னகரம்:
பாளை_மேடை அக்கா, "வாங்குதான்" பிழை இல்ல, நம்ம நெல்லைப் பேச்சு. "தப்பு"ன்னு சிவப்பு மையில சுழிச்சா பிள்ளை எழுதுறதையே விட்டுரும். நோட்டுல நடுக்கோடு போட்டு இடப்பக்கம் வீட்டுப் பேச்சு, வலப்பக்கம் புத்தக நடைன்னு எழுதச் சொல்லுங்க.

மாத்துறதுக்கு ரெண்டே வழி. "தா" வந்தா "கிறா" ஆக்கணும்: வாங்குதான் வாங்குகிறான் ஆகும், வருதா வருகிறாள் ஆகும். "க்கா" வந்தா "க்கிறா": படிக்கான் படிக்கிறான் ஆகும், நடக்கா நடக்கிறாள் ஆகும். இதுக்கு அடங்காததுல இந்த மூணை முதல்ல தனியா மனப்பாடம் பண்ண விடுங்க: நிக்கான் நிற்கிறான் ஆகும், விக்கான் விற்கிறான் ஆகும், கேக்கான் கேட்கிறான் ஆகும். "அவிய" வலப்பக்கத்துல "அவர்கள்".

"பளம்" வேற விஷயம், அது காதுலயே பிரியல. ள சொன்னா நாக்கு நுனி மடங்கி மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு அதே மாதிரி மடங்கும், ஆனா தொடாது. கிளி-கிழி, வாளை-வாழை ஜோடியா நீங்க சொல்லுங்க. மீனா மரமான்னு அவ கையைத் தூக்கட்டும். காது பிரிச்ச பிறகுதான் சொல்லவும் எழுதவும் வரும்.

ந, ண, ன குழப்பத்துக்கு எழுத்தோட பேரே போதும். தந்நகரம், டண்ணகரம், றன்னகரம்: த-வுக்கு முன்னால ந் (பந்து), ட-வுக்கு முன்னால ண் (வண்டி), ற-வுக்கு முன்னால ன் (கன்று). வார்த்தை தொடங்குறது எப்பவும் ந-தான். ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை சொல்லி எழுதச் சொல்லுங்க, அதுக்கு மேல வேண்டாம்.

பாளை_மேடை:
போன்ல பேசினா எழுதுற வசதியை வச்சு ழ-வைச் சோதிக்கலாமா?

றன்னகரம்:
அதுக்கு உதவாது. "பளம்"னு சொன்னாலும் பக்கத்து வார்த்தைகளை வச்சு அது பெரும்பாலும் "பழம்"னே அடிச்சிரும். பிள்ளை சரியாச் சொன்னதா நீங்க நம்பிருவீங்க. கதை சொல்லச் சொல்லி, அது எழுத்தாகிறதைக் காட்ட வேணா பயன்படுத்துங்க.

பொருநைக்கரை:
தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்துல மழலைப் பாடங்கள் பாட்டு, கதையோட இருக்கு, அதைத் தாராளமா எடுக்கலாம். அவங்க மின்நூலகத்துல இருக்கிற பழைய சிறுவர் புத்தக ஸ்கேனை மட்டும் இப்போ குடுக்காதீங்க. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சுல லை, ளை, ணை, னை நாலும் யானைத் தும்பிக்கை வச்ச மாதிரி இருக்கும். ணா, றா, னாவும் அதுல இருந்து பிறக்கிற ஒகர, ஓகார எழுத்துகளும் வேற உருவம். மொத்தம் 13 எழுத்து. இப்பதான் ை பழகின பிள்ளை "இது என்ன எழுத்து"ன்னு நின்னுரும்.