கன்டெய்னர் லாரி வரிசையும் எங்கள் மூச்சும்: டீசல் புகை அனுபவங்கள்

எண்ணூர் ரோட்டுக்காரி

வீடு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய தெரு. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாசலில் நெரிசல் என்றால் டிரெய்லர்கள் எங்கள் பக்கம் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். இரவெல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியில் கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைக்காமல் துணி காயப்போட்டால் வெள்ளை வேட்டியின் குறுக்கே கறுப்பாகக் கோடு விழும். கொசுவலையில் விரல் வைத்தால் மை.

மாமியாருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு இரைக்க ஆரம்பித்தது. டாக்டர் முதலில் கேட்டது, “பாட்டி விறகடுப்பில் சமைத்தவரா? வீட்டில் யாராவது பீடி, சிகரெட்?” இரண்டும் இல்லை என்றதும், “வீடு எங்கே?” என்றார். குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதித்துவிட்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். கொசுவலையில் ஒட்டும் கரி பற்றிச் சொன்னேன். அதில் சாலைப் புழுதியும் டயர் தூளும் கலந்திருக்கும், அதைவிட ஒட்டாமல் உள்ளே போவதுதான் மோசம் என்றார். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். டீசல் இன்ஜின் கக்கும் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் கீழே. மூக்கும் தொண்டையும் வடிகட்ட முடியாமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும், மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் இந்தக் கணக்கில் வருவது அப்படித்தான். மாமியாருக்கு ஈசிஜி எடுத்ததன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்படிப்பட்ட சாலை ஓரம் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பதினாறு சக்கரம்

அக்கா, நீங்கள் சொல்லும் வரிசையில் நிற்பவன் நான். தூத்துக்குடிப் பக்கம். ஏன் இன்ஜினை அணைக்க மாட்டேன் என்கிறான் என்று திட்டியிருப்பீர்கள். முன்வண்டி நகர்ந்த நிமிடமே நாமும் நகர வேண்டும், இல்லையென்றால் இடையில் ஒருத்தன் மூக்கை நுழைத்துவிடுவான். அணைத்து வைத்தால் பழைய வண்டியில் கொஞ்ச நேரத்தில் பிரேக் டேங்கில் ஏர் இறங்கிவிடும். ஏர் ஏறாமல் பிரேக் விடாது. மறுபடி ஸ்டார்ட் பண்ணி பிரஷர் ஏறும்வரை பின்னால் இருப்பவன் ஹாரனை விடமாட்டான். பேட்டரி பயம் வேறு.

எங்கள் கதை இன்னும் மோசம். ஏசி இல்லாத கேபின், இரண்டு பக்கமும் கண்ணாடி இறக்கிவிட்டுத்தான் உட்கார முடியும். முன்வண்டி சைலன்சர் நேராக முகத்துக்கு. காலையில் காறித் துப்பினால் சளி கறுப்பாக வரும். டிரைவர்களுக்கு முகாம் என்று கூப்பிட்டால் கண்ணைப் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள். ஊதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. நான் ஓட்டும் வண்டிக்கு அது வராது.

வார்டு நர்ஸ்

அண்ணே, ஊதிப் பார்க்கும் சோதனையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவில் செய்கிறார்கள். கட்டாயம் போங்கள். டீசல் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பட்டியல். அதற்கு முக்கியமான ஆதாரமாக இருந்தது அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் 12,315 பேரை வைத்து நடந்த ஆய்வு. அவர்களில் பலர் மூடிய சுரங்கத்துக்குள் டீசல் இயந்திரங்களோடு வேலை பார்த்தவர்கள். புகை பிடிப்பவராக இருந்தால் அதை முதலில் விடுங்கள்.

சைக்கிள்

மாஸ்க் போட்டால் போதாதா?

வார்டு நர்ஸ்

நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கில் ஓரமாக எல்லாம் உள்ளே வந்துவிடும். என்95 முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால் பிரயோசனம். தாடி இருந்தால் பொருந்தாது. மாமியார் மாதிரி இரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம்.

புகைச் சோதனை

நான் சில வருடம் புகைச் சோதனை மையத்தில் இருந்தவன். டீசல் வண்டி வந்தால் சைலன்சருக்குள் குழாயைச் செருகி, நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்வோம். மீட்டர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: புகை வழியாக விடும் வெளிச்சத்தில் எவ்வளவு மறைகிறது. நாசில் தேய்ந்து, ஏர் ஃபில்டர் அடைத்துக் கறுப்பாகக் கக்கும் வண்டி மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத துகளை அது எண்ணாது.

2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 என்ற புகை விதி புது வண்டிகளுக்கு வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10-க்கு இறங்கியது. கார்களுக்கும் லாரிகளுக்கும் சைலன்சர் பாதையில் துகள் வடிகட்டி வந்தது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அது பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரி சூட்டில் எரித்தாக வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறாது. அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். புது ஃபில்டர் விலையைக் கேட்டதும் ஓனருக்குத் தலை சுற்றும். அப்போதுதான் யாராவது ‘டெலீட் பண்ணிடலாம் சார்’ என்பார்கள். டப்பாவை அறுத்து உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, வெளியே தெரியாமல் வெல்டிங் வைத்து, வண்டியின் கம்ப்யூட்டரிலும் மாற்றிவிடுவார்கள். அப்படிக் குடைந்த ஒரு எஸ்யூவி எங்கள் மையத்துக்கு வந்தது. ஓனரே பெருமையாகச் சொன்னார், பிக்கப் கூடிவிட்டதாம். சோதனையில் பாஸ். பாஸ் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழியே இல்லை.

இதற்காகவே நெதர்லாந்தில் 2023 ஜனவரியிலிருந்து ஆண்டுச் சோதனையில் ஃபில்டர் உள்ள டீசல் வண்டிகளின் துகளை எண்ணும் கருவி வைத்திருக்கிறார்கள். குடைந்த வண்டி அதில் தப்பவே முடியாது. நம் ஊரில் புகையைப் பார்த்து வண்டியைப் பிடிக்கும் பழக்கம் மாறினால்தான் உண்டு. என்னைக் கேட்டால், கறுப்பாகக் கக்கும் பழைய பஸ்ஸைவிட அந்த எஸ்யூவிதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. பஸ்காரர் ஏமாற்றவில்லை.

லூயிஷம் அம்மா

நாங்கள் லண்டனில், சவுத் சர்க்குலர் வீதிக்குக் கிட்ட. என்ர மகனுக்கும் தொய்வு, ஆஸ்துமா. இதே வீதிக்குப் பக்கத்தில் இருந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுப் பிள்ளை 2013-இல் கடுமையான தொய்வால் இறந்தது. தாய் விடாமல் போராடி, 2020 டிசம்பரில் இரண்டாவது மரண விசாரணை நடந்தது. காற்று மாசும் மரணத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். நைதரசன் டைஒக்சைட்டும் நுண்துகளும் முக்கியமாக வாகனங்களில் இருந்து வந்தவை என்று அதிலே இருக்கு. அந்தச் செய்திக்குப் பிறகு மகனைப் பள்ளிக்கு உள் வீதிகளால்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். கொஞ்சம் சுற்றுத்தான்.

2023 ஓகஸ்டில் இருந்து லண்டன் முழுக்கப் பழைய டீசல் வாகனத்துக்கு நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேணும். என்ர மனிசன் தன்ர வான் வண்டியை வித்துப்போட்டு இண்டைக்கும் மேயரைத் திட்டிக்கொண்டு இருக்கிறார். நான் வாய் திறக்கிறதில்லை.

எண்ணூர் ரோட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. மாமியார் கட்டிலைப் பின்பக்க அறைக்கு மாற்றிவிட்டோம். வரிசை நிற்கும் நேரம் ரோட்டுப் பக்க ஜன்னலை அடைக்கிறோம், மத்தியானம் சாலை காலியானதும் திறக்கிறோம். வார்டு கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன்: லாரிகள் சாலையில் நிற்காமல் யார்டில் நிற்கட்டும், முறை வரும்போது டோக்கன் பார்த்துக் கூப்பிடட்டும். புகைச் சோதனை சார், அந்தத் துகள் எண்ணும் கருவி விஷயத்தை இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.

பதினாறு சக்கரம்

டோக்கன் வந்தால் முதலில் இன்ஜினை அணைப்பவன் நான்தான். மனுவில் அந்த யார்டுக்குக் கக்கூஸும் குடிதண்ணீரும் கேட்டு எழுதுங்கள் அக்கா. அது இல்லாத யார்டுக்குள் எவனும் வண்டியை விடமாட்டான், திரும்ப உங்கள் தெருவுக்குத்தான் வருவான்.