ஒரே முகவரி ஒருமுறை தேறுகிறது, மறுமுறை தோற்கிறது: மின்னஞ்சல் ரெஜெக்ஸ் சோதனை

பொதிகை:
வணக்கம். நூலக உறுப்பினர் படிவம் ஒன்றுக்காக, மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்கும் ரெஜெக்ஸை (எழுத்துகள் ஒரு வடிவத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கோவை) ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறேன். கோப்பின் தொடக்கத்தில் அதை மாறிலியாக வைத்து, டெஸ்ட் மெத்தடை அழைத்துச் சோதிக்கிறேன். மொத்தம் 12 சரியான முகவரிகள். தனித்தனியாக ஓட்டினால் எல்லாம் தேறுகின்றன. வரிசையாக ஓட்டினால் ஒன்றுவிட்டு ஒன்று தோற்கின்றன. வரிசையை மாற்றினால் தோற்பவையும் மாறுகின்றன. இரண்டு இரவுகள் இதிலேயே போய்விட்டன.

கல்தச்சன்:
ரெஜெக்ஸின் கடைசியில் 'ஜி' ஃபிளாக் (எல்லாப் பொருத்தங்களையும் தேடச் சொல்லும் குறி) இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், பொருத்தம் எங்கே முடிந்தது என்பதை அந்த மாறிலியே லாஸ்ட்இண்டெக்ஸ் என்ற தன் உள் எண்ணில் நினைவு வைத்துக்கொள்ளும். அடுத்த முகவரியை முதல் எழுத்திலிருந்து பார்க்காமல் அந்த இடத்திலிருந்து பார்க்கும், பொருந்தாது, உடனே பூச்சியத்துக்குத் திரும்பும். அதனால்தான் ஒன்றுவிட்டு ஒன்று. ஃபிளாக்கை எடுத்துவிடுங்கள்.

பொதிகை:
இருந்தது! எடுத்ததும் பன்னிரண்டும் தேறிவிட்டன. மிக்க நன்றி ஐயா.

நிலாமுற்றம்:
பன்னிரண்டும் தேறின என்கிறீர்கள். அவை எப்படிப்பட்ட முகவரிகள்? பெயர், @, நிறுவனம், டாட் காம் என்ற ஒரே அச்சில் வார்த்தவை என்றால், நீங்கள் ஒரு முகவரியைத்தான் பன்னிரண்டு முறை சோதித்திருக்கிறீர்கள்.

எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. நான் முன்பு பார்த்த வேலையில், கடைசிப் புள்ளிக்குப் பின் 2 முதல் 4 எழுத்துகள்தான் வரலாம் என்று எழுதியிருந்தோம். டாட் மியூசியம் 2001 முதலே இருக்கிறது. எங்கள் படிவம் அதை ஏற்கவில்லை, பெயரில் ஒற்றை மேற்கோள் குறி (') வருவதையும் ஏற்கவில்லை. அப்படிப் பெயருக்குள் மேற்கோள் குறி உள்ள ஒருவர் பல நாள் முயன்று, பிறகு தொலைபேசியில் அழைத்து, "என் முகவரியில் என்ன தவறு?" என்று கேட்டார். தவறு எங்களுடையது. அந்தக் குரலை நான் மறக்கவில்லை. தவறான முகவரி ஒன்று உள்ளே வந்தால் உறுதிப்படுத்தும் மடல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சரியான முகவரியோடு வந்து வாசலிலேயே திரும்பியவரை எந்தப் பதிவேடும் காட்டாது.

ஆகவே கூட்டல் குறி உள்ளது, மேற்கோள் குறி உள்ளது, உட்பிரிவு டொமைன் உள்ளது என்று சேருங்கள். @ குறிக்கு முன் சரியாக 64 எழுத்து உள்ளது தேற வேண்டும், 65 உள்ளது தோற்க வேண்டும். இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வருவதும் தோற்க வேண்டும். தமிழ் முகவரியையும் விட்டுவிடாதீர்கள். டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்ற முடிவுகள் உண்மையில் இருக்கின்றன. @ குறிக்கு முன்னும் தமிழ் வர ஆர்எஃப்சி 6531 என்ற இணையத் தர ஆவணம் வழி செய்திருக்கிறது.

பொதிகை:
சேர்த்தேன். மேற்கோள் குறியும் கூட்டல் குறியும் தோற்றன, இரண்டையும் அனுமதித்துவிட்டேன். தமிழுக்காக யூனிகோட் எழுத்துக் குறியீட்டின் 'எல்' (எழுத்து) வகையைப் போட்டேன். 'அகல' தேறுகிறது, 'தமிழ்' தோற்கிறது. ஏன்?

கல்தச்சன்:
தமிழில் 'எல்' வகையில் உயிரும் ஆய்தமும் அகரமேறிய மெய்யும் அடங்கும். மி-யில் உள்ள மேல்விலங்கும் ழ்-இல் உள்ள புள்ளியும் யூனிகோடில் தனிக் குறியீடுகள். அவை 'எம்' (எழுத்தோடு ஒட்டும் குறி) வகை. இரண்டு வகையையும் சேர்த்து எழுதுங்கள், இந்த வகைகளை ரெஜெக்ஸ் புரிந்துகொள்ள 'யூ' ஃபிளாக்கும் வேண்டும். இன்னொன்று: 64 என்பது பைட் கணக்கு. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல் மட்டும் 15 பைட். நீளத்தை ரெஜெக்ஸில் எண்ணாமல் தனியாகப் பாருங்கள்.

பொதிகை:
'தமிழ்' தேறிவிட்டது. நீளத்துக்குத் தனிச் சோதனை எழுதிக்கொண்டிருக்கிறேன்.