நாப்பா பையில் லோகோ நிற்கவில்லை: குறை சூட்டிலா, அடியிலா?

பையகம்:
தோல், குரோமில் பதனிட்ட செம்மறி நாப்பா (மென்தோல்), 0.8 மி.மீ. பின்பக்கம் 2 மி.மீ. ஃபோம் ஒட்டிவிட்டு, லைனிங் போடுமுன் லோகோ அடிக்கிறோம். லோகோ 45 × 12 மி.மீ., மெக்னீசியம் டை (சூடாக்கி அழுத்தும் உலோக அச்சு), மீட்டரில் 120 டிகிரி, 3 வினாடி. அடித்த கையோடு பார்த்தால் கூர்மையாக இருக்கிறது. இரண்டு நாள் போனால் விரலால் தடவித்தான் எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. 140க்கு ஏற்றினால் எழுத்தோரம் கறுக்கிறது. எதை மாற்றுவது?

சூட்டுக்கட்டை:
டிகிரியை விடுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள். மீட்டர் காட்டுவது ஹீட்டர் பிளாக்கின் சூடு. டை முகத்தில் அதைவிட 10, 15 டிகிரி குறைந்தே இருக்கும். தொட்டு அளக்கிற தெர்மாமீட்டரை எழுத்தின் மேலேயே வைத்துப் பாருங்கள். முகத்தில் 115 வந்துவிட்டால் 6 முதல் 8 வினாடி நிறுத்துங்கள். நாப்பாவில் அச்சு பிடிப்பதில் பெரிய பங்கு மேல்பூச்சுக்கு. அது இளகி டையின் வடிவத்துக்கு வந்து இறுக வேண்டும். 3 வினாடியில் பூச்சு பளபளக்கும், அதோடு சரி. கீழே இருக்கிற நார் வரைக்கும் சூடு இறங்காது.

அடிப்பலகை:
ஃபோம் அடியில் இருக்கிறவரை எத்தனை வினாடி வைத்தாலும் இது நிற்காது. டை இறங்கும்போது நசுங்குவது ஃபோம், தோல் அல்ல. டை மேலே போனதும் ஃபோம் மெல்ல எழுந்து தோலையும் தூக்கிவிடுகிறது. அன்றைக்குக் கூர்மை, மறுநாள் மங்கல் என்றால் முதலில் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஃபோம் ஒட்டுவதற்கு முன்பே அடியுங்கள். லோகோ வரும் இடத்தில், தோலின் பின்பக்கம், 0.6 மி.மீ. சால்பா (தோல்தூளை அழுத்திச் செய்த அட்டை) ஒட்டுங்கள்; லோகோவைவிட நாலு பக்கமும் குறைந்தது 5 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். பசை முழுக்கக் காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்திருந்தால் உள்ளே இருக்கிற சால்வென்ட் சூட்டில் ஆவியாகி மேல்பூச்சைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும். பிரஸ் மேடையில் ரப்பர் ஷீட் இருந்தால் எடுத்துவிட்டு 1 மி.மீ. கிரே போர்டு (கெட்டியான சாம்பல்நிற அட்டை) போடுங்கள். அடித்து முடித்தபின் ஃபோமில் சால்பா அளவுக்கு ஜன்னல் வெட்டி, சால்பா அதற்குள் உட்காருகிற மாதிரி ஒட்டுங்கள்.

சூட்டுக்கட்டை:
0.8 நாப்பாவுக்கு அடியில் 0.6 சால்பா வைத்தால் அந்தச் சால்பாவின் விளிம்பு மேலே தெரியும். பையைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் லோகோவைச் சுற்றி ஒரு பெட்டி நிற்கும். நாப்பா வாங்குகிறவர் அதன் மென்மைக்குத்தான் காசு கொடுக்கிறார். அங்கே மட்டும் அட்டை மாதிரி விறைத்தால் தொட்டதுமே தெரிந்துவிடும்.

அடிப்பலகை:
விளிம்பு தெரியும் என்பது சரியான குறைதான். அதற்கு வழி இருக்கிறது. சீவல் லோகோவுக்கு அடியில் வராதபடி சால்பாவை இன்னும் பெரிதாக வெட்டி, ஓரத்தை 8 மி.மீ. அகலத்துக்குச் சீவி, முனையில் காகித கனத்துக்குக் கொண்டுவாருங்கள். லோகோ வாய்ப்பக்கம் இருந்தால் சால்பாவை மேல் தையல் வரைக்கும் இழுத்துவிடுங்கள், ஒரு விளிம்பு தையலுக்குள் மறைந்துவிடும். விறைப்பு வேண்டவே வேண்டாம் என்றால் சால்பாவுக்குப் பதில் ஹாட்மெல்ட் ஃபிலிமும் மெல்லிய நான்வோவனும் (நெய்யாத துணி). ஃபிலிம் டை சூட்டில் உருகி, ஆறும்போது இறுகி, தோலை எழுத்தின் பள்ளத்தில் பிடித்து வைக்கும். ஆழம் சால்பா அளவுக்கு வராது.

பட்டைத்தோல்:
இரண்டு பேரும் தோலை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. நார்களைக் குரோம் அவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறது. அந்தக் கட்டுதான் அழுத்தின இடத்தைத் திரும்ப மேலே கொண்டுவருகிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் மரப்பட்டைச் சாற்றில் பதனிடுகிற ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலை லேசாக ஈரப்படுத்தி அழுத்தினால் அப்படியே நிற்கும். லோகோவை அதில் சின்ன பேட்ச்சாக அடித்து நாப்பா மேல் தைத்துவிடலாம்.

ஆனால் ஈரத்தோடு சூட்டைச் சேர்க்கக் கூடாது. ஈரமான பட்டைத்தோல் 70, 80 டிகிரியிலேயே சுருங்கிக் கறுத்து, கருவாடு மாதிரி விறைத்துப்போகும். ஈரம் என்றால் குளிர்ந்த டை. சூடு என்றால் காய்ந்த தோல்.

சூட்டுக்கட்டை:
பேட்ச் வைத்தால் அது வேறு டிசைன். வாங்குகிறவர் அனுப்பிய சாம்பிளில் லோகோ தோலிலேயே இருக்கும்போது நாம் எப்படி மாற்ற முடியும்?

பட்டைத்தோல்:
அப்படியானால் அடுத்த ஆர்டருக்குத் தோல் வாங்கும்போதே சொல்லுங்கள்: செமி குரோம் (பட்டையில் பதனிட்டு, பின் குரோம் ஏற்றிய தோல்), அல்லது ரீடேனிங்கில் (இரண்டாம் பதனிடலில்) மிமோசா பட்டைச் சாறு கூட்டின நாப்பா. மென்மை கொஞ்சம் குறையும், அச்சு கூடுதலாகப் பிடிக்கும்.

பையகம்:
இன்னொன்று. லோகோவைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு பளபளப்பு விழுகிறது. சூடு கூடியதாலா?

அடிப்பலகை:
டையில் எழுத்தைச் சுற்றிக் குடைந்த பள்ளம் போதவில்லை. எழுத்து உள்ளே போகும்போது சுற்றியிருக்கிற மென்தோல் மேலே உப்பும், ஃபோம் இருந்தால் இன்னும் உப்பும். அது அந்தப் பள்ளத்தின் தரையில் பட்டு இஸ்திரி போட்ட மாதிரி பளபளக்கிறது. பள்ளம் 1.5 மி.மீ. இருக்கட்டும், பிளேட்டையும் லோகோவை ஒட்டி அறுத்துவிடுங்கள். எழுத்தின் விளிம்பை 600 நம்பர் நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) இரண்டு இழுப்பு இழுங்கள். புது மெக்னீசியத்தின் கூர்முனை செம்மறியின் மேல்தோலைக் கீறும், மடிக்கிற இடத்தில் அதிலிருந்துதான் வெடிப்பு ஆரம்பிக்கும். 0.5 மி.மீ.க்குக் குறைந்த கோடு லோகோவில் இருந்தால் ஓவியத்திலேயே தடிமனாக்குங்கள்.

சூட்டுக்கட்டை:
அழுத்தக் கணக்கையும் பாருங்கள். 45 × 12 என்றால் 5.4 சதுர செ.மீ. ஆனால் தோலைத் தொடுவது எழுத்து மட்டும். அது மூன்றில் ஒரு பங்கு என்றால் 1.8. சதுர செ.மீ.க்கு 60 கிலோ என்று வைத்தால் 108 கிலோ போதும். இதே லோகோவில் எழுத்து எழும்பி நிற்க, பின்புலம் அமுங்க வேண்டுமானால் மீதி 3.6 சதுர செ.மீ.யை அமுக்க வேண்டும், 216 கிலோ. பிரஸ் செட்டிங்கை மாற்றாமல் டையை மட்டும் மாற்றிவிட்டு ஆழம் வரவில்லை என்று சூட்டை ஏற்றுவதில்தான் பாதித் தோல் கருகுகிறது.

ஃபோமை எடுக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சால்பா கட்டாயம் என்பதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கிரே போர்டு மேல் வெறும் நாப்பா, 115 டிகிரி, 8 வினாடி ஒரு துண்டு. சால்பா ஒட்டி 115, 5 வினாடி இன்னொரு துண்டு. இரண்டையும் 50 டிகிரி ஓவனில் 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். வெயிலில் நிற்கிற கன்டெய்னருக்குள் அந்தச் சூடு வரும்.

அடிப்பலகை:
ஓவனிலிருந்து எடுத்தபின் லோகோவின் குறுக்கே 20 முறை மடித்தும் பாருங்கள். வெறும் நாப்பா துண்டு தோற்பது அங்கேதான்.

பேனலை இறுதி அளவுக்கு வெட்டிவிட்டு லோகோ அடிக்காதீர்கள். சுற்றிலும் 10 மி.மீ. விட்டு வெட்டி, அடித்து, அதன்பின் கட்டிங் டை போடுங்கள். அழுத்தத்தில் நாப்பா இழுபடும். முதலிலேயே அளவாக வெட்டியிருந்தால் இடது வலது பேனல் தையலில் சேராது.